ரியில் தொடங்கும் கோப்புகள்

தமிழ்க் கோப்புகள் காணாமற்போனதை முதலில் கண்டுபிடித்தவர் மாஸ்டர்தான். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றபின் மகனோடு ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தவர். இரவு பத்து மணிக்குப் பிறகு, வீட்டில் மற்றவர்கள் ரெலிபோனை விட்டுக்கொடுத்தால், மோடத்தைப் போட்டு எங்கள் பிபிஎஸ்ஸுக்குள் வருவார். வலிகாமத்து ஊர்ப் பெயர்களையும் அந்தந்த ஊருக்குள் அடங்கிய குறிச்சிப் பெயர்களையும் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்லுவார். 1994 குளிர்காலத்தில் ஒருநாள் மோடத்தால் வராமல் நேரே ரெலிபோனில் கூப்பிட்டார்.

“தம்பி, என்ர ஊர்ப்பெயர் லிஸ்ற்றை ஆர் தூக்கினது?”

ஒருவரும் தூக்கவில்லை என்றேன்.

“அப்ப ஏன் காணேல்லை?”

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பிபிஎஸ் என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஒருவருடைய வீட்டில் ஒரு கொம்பியூட்டர், அதில் ஒரு மோடம், அதற்கு ஒரு ரெலிபோன் லைன். நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்தால் அந்தக் கொம்பியூட்டர் எடுக்கும். செய்தி எழுதலாம், மற்றவர்கள் எழுதியதை வாசிக்கலாம், கோப்புகள் இறக்கலாம், ஏற்றலாம். ஒரு லைன் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எங்கேஜ். 1978 பெப்ரவரியில் சிக்காகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடக்கிவைத்த வேலை இது. 1984இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ரொம் ஜென்னிங்ஸ் இப்படித் தனித்தனியாகக் கிடந்த கொம்பியூட்டர்களை ஒன்றையொன்று அழைக்கவைத்து ஃபிடோநெற் என்ற வலையை உண்டாக்கினார். ரொறன்ரோ இதற்குத் தோதான ஊர். உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கு இல்லை. மாதக் கட்டணத்தோடு சரி. ஊரில் ட்ரங்க் கோல் புக் பண்ணிவிட்டுக் காத்திருந்து பழகிய எங்களுக்கு, இரவு முழுதும் லைனைத் திறந்து வைத்திருந்தாலும் பில் ஏறாது என்பதை நம்பவே கொஞ்சக் காலம் எடுத்தது.

எங்கள் பிபிஎஸ் அண்ணையுடையது. சொந்த அண்ணன் அல்ல, எல்லாருக்கும் அண்ணை. இரவு வேலை ஒரு ஃபக்டரியில், பகலில் நித்திரை, இடையில் கிடைக்கும் நேரமெல்லாம் பேஸ்மென்ட்டில் அந்த மெஷினோடு. நான் கொலிஜில் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்ததால் கோப்புப் பகுதிகளைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். செய்திப் பகுதியில் சண்டைகளைத் தீர்ப்பது அவர் பாடு. அது என் வேலையைவிடக் கடினமானது.

கோப்புகளில் பெரும்பகுதி தானாகவே வந்துகொண்டிருந்தது. இதை விளக்கமாகச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஃபிடோநெற்றில் செய்திகள் இயந்திரத்துக்கு இயந்திரம் கைமாறுவதுபோல, கோப்புகளும் கைமாறும். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு புதிய நிரலை வெளியிடுவார். தன் பக்கத்துப் பிபிஎஸ்ஸுக்கு அனுப்புவார், அவர் அடுத்தவருக்கு, அவர் இன்னும் மூன்று பேருக்கு. விடியற்காலையில், எங்கள் மெயிலர் நிரல் மேலே உள்ள பிபிஎஸ்ஸை அழைத்து அன்றைக்குரியதை வாங்கிவரும். வட அமெரிக்க வலயத்துக்கு அஞ்சல் மணி என்று ஒன்று குறித்திருந்தார்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் அது காலை நான்கிலிருந்து ஐந்து. அந்த ஒரு மணி நேரத்தில் ஆட்கள் உள்ளே வரக்கூடாது, இயந்திரங்கள் மட்டும் பேசிக்கொள்ளும். அண்ணை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மோடத்தின் சிவப்பு விளக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்.

வருகிற ஒவ்வொரு கோப்போடும் அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு குட்டிக் கோப்பும் வரும். அதன் பெயர் ‘ரிக்’ என்று முடியும். வெறும் எழுத்துக் கோப்பு, எந்த எடிற்றரிலும் திறந்து வாசிக்கலாம். இந்தக் கோப்பு எந்தப் பகுதிக்கு உரியது, பெயர் என்ன, யார் அனுப்பினது, எந்தெந்தக் கொம்பியூட்டர் வழியாக வந்தது, வழியில் பழுதாகவில்லை என்று சரிபார்க்க ஒரு எண், ஒரு கடவுச்சொல், ஒரு வரி விவரணம். இதெல்லாம் வரிக்கு ஒன்றாக இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு நிரல் அதை வாசித்து, கோப்பை உரிய டைரக்டரியில் போட்டு, அந்த டைரக்டரியின் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டு, ரிக்கை அழித்துவிடும்.

ரிக்கில் இன்னொரு வரியும் இருக்கலாம். ‘ரிப்ளேஸஸ்’ என்று தொடங்கும். அதன் பின்னால் ஒரு பெயர். அந்தப் பெயரில் இருக்கிற பழைய கோப்பை அழித்துவிட்டு, பட்டியலிலும் அதன் வரியை எடுத்துவிட்டு, இதை வை என்று பொருள்.

அந்த வரி இல்லாமல் ஒரு பிபிஎஸ்ஸை நடத்த முடியாது. அப்போது ஐஸ்லாந்திலிருந்து வந்துகொண்டிருந்த எஃப்-புரொட் வைரஸ் தடுப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி புதிய பதிப்பு வரும், ஒவ்வொன்றும் பெயரில் வேறு எண்ணோடு. பழையதை எடுக்காவிட்டால் எங்களுடைய சின்ன ஹார்ட் டிஸ்க்கில் வேறொன்றுக்கும் இடமிருக்காது. ஆட்களும் எதை இறக்குவதென்று தெரியாமல் பழசை இறக்குவார்கள். ஆக, பழையதைத் தானாக அகற்றுவது நல்ல ஏற்பாடுதான். எங்கேயோ இருக்கும் ஒருவர் எழுதிய ஒரு வரி, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டில், நாங்கள் நித்திரையாய் இருக்கும்போது எங்கள் டிஸ்க்கில் கோப்புகளை அழிக்கிறது என்று நாங்கள் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

மாஸ்டர் கூப்பிட்டபின் போய்ப் பார்த்தால், அவருடைய பட்டியல் மட்டுமல்ல, தமிழ்க் கோப்புகள் அநேகமாக எல்லாமே போயிருந்தன. ரோமன் எழுத்தில் அடித்த பழைய பாட்டுகள், ரொறன்ரோ தமிழ்க் கடைகளின் விலாசத் தொகுப்பு, ஒரு பையன் செய்த எழுத்துப் பயிற்சி நிரல். தப்பியவை இரண்டு: கனடாவிலிருந்த ஸ்ரீநிவாசன் செய்த ‘ஆதமி’ என்ற டொஸ் தமிழ் நிரல், சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 1993இல் இலவசமாக வெளியிட்ட ‘மயிலை’ எழுத்துரு.

அண்ணையிடம் சொன்னேன். நித்திரையால் எழுப்பிச் சொன்னதால் கேள்வி சுருக்கமாக வந்தது.

“தமிழ் மட்டும்தானே போயிருக்கு?”

“ஓமண்ணை.”

“அப்ப ஆரோ திட்டம் போட்டுச் செய்தது.”

அந்தக் காலத்தில் எங்களுக்கு இப்படித்தான் புத்தி போகும். ஒரு மண்டபத்தில் லைற் அணைந்தாலும் மற்றப் பக்கத்தாரின் வேலை என்பார்கள். செய்திப் பகுதியில் அதற்கு முதல் வாரம்தான் ஒரு பெரிய சண்டை நடந்து, அண்ணை இரண்டு பேரை நிறுத்தி வைத்திருந்தார். அதில் ஒருவர் கொம்பியூட்டரில் விண்ணன் என்று பேச்சு. யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவேட்டை அச்சடித்து, பென்சிலால் கோடு போட்டு, அண்ணை ஒரு குற்றப்பத்திரிகையே தயாரித்துவிட்டார். நாலு தரப்பினர் மேல் சந்தேகம். அதில் ஒரு தரப்பு என்னுடைய மச்சான்.

நான் அண்ணையை விட்டுவிட்டு அழிந்ததை மீட்கப் பார்த்தேன். முதல் வேலையாகப் பிபிஎஸ்ஸை நிறுத்தி, மோடத்தின் வயரைக் கழற்றினேன். டொஸ்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. டைரக்டரியில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு குறியால் மாற்றி, அது இருந்த இடம் இனி வெறுமை என்று அட்டவணையில் எழுதிவிடும். புதிதாக ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையது அங்கேயே கிடக்கும். 1991இல் வந்த ஐந்தாம் பதிப்பு டொஸ்ஸில் ‘அன்டிலீற்’ என்ற கட்டளை சேர்த்திருந்தார்கள். அது அழிந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டும், முதல் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோடு. அந்த முதல் எழுத்து என்ன என்று நாங்கள் சொல்லவேண்டும்.

அது கேட்டுக்கொண்டே போக, நான் ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டே போனேன். ரி. ரி. ரி. ரி. ‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் பெயர் தொடங்கினால் வேறு என்ன எழுத்து வரும்? தட்டிய விரலுக்குத் தெரிந்தது தலைக்கு எட்டவில்லை.

மீட்பு பாதிதான் வெற்றி. அழிந்து சில நாள் ஆகியிருந்ததால் வேறு கோப்புகள் வந்து உட்கார்ந்துவிட்டன. மாஸ்டருடைய பட்டியல் திறந்தது. ஆனால் நடுவில் சுன்னாகம் முடிந்த இடத்தில் யாரோ ஏற்றிய விளையாட்டின் குப்பை எழுத்துகள் தொடங்கின. நல்லகாலம், அவரிடம் ஃபுளொப்பியில் அதற்கு முந்திய பதிப்பு இருந்தது. மற்றவற்றை, முன்பு இறக்கி வைத்திருந்தவர்கள் திருப்பி ஏற்றித் தந்தார்கள். பாட்டுத் தொகுப்பை மொன்றியலில் இருந்து ஒருவர் தூர அழைப்புக் காசைப் பாராமல் அனுப்பினார். எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தேன், ஒரு பிரதி ஃபுளொப்பிகளில் எடுத்துக்கொண்டு.

அழித்தது யார் என்பதுதான் மிச்சம். வைரஸ் என்று ஒரு கட்சி, டிஸ்க் பழுது என்று ஒரு கட்சி. இரண்டு வருடத்துக்கு முன் மார்ச் ஆறாம் தேதி மைக்கலாஞ்சலோ வைரஸ் உலகத்தையே அழிக்கப்போகிறது என்று ரிவியில் சொல்லிப் பயமுறுத்தியிருந்ததால் வைரஸ் கட்சிக்கு ஆதரவு கூட. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. கோப்புப் பட்டியல் என்பது தனியான ஒரு எழுத்துக் கோப்பு: வரிக்கு ஒரு பெயர், அதன் பின்னால் விவரணம். போன கோப்புகளின் வரிகளும் அந்தப் பட்டியலிலிருந்து போயிருந்தன, மேலும் கீழும் இருந்த வரிகளில் ஒரு கீறல் இல்லாமல். திருடன் பெட்டகத்தை உடைப்பான். உடைத்தபின் கணக்குப் புத்தகத்தை எடுத்து, இருப்பைச் சரியாகக் கழித்து எழுதிவிட்டா போவான்? இதைச் செய்தது பட்டியலின் முறைமை தெரிந்த ஒரு நிரல். எங்கள் மெஷினில் அந்த முறைமை தெரிந்தவை இரண்டுதான்: பிபிஎஸ் நிரல், விடியற்காலையில் கோப்புகளைப் பிரித்து வைக்கும் நிரல்.

“அப்ப ஆளில்லை எண்டுறியோ?” அண்ணைக்கு ஏமாற்றம்போல இருந்தது.

பிரித்து வைக்கும் நிரலின் பதிவேட்டைப் பார்த்தேன். அது சுருக்கக்காரன். இன்ன கோப்பு வந்தது, இன்ன இடத்தில் வைத்தேன் என்பதோடு சரி. எதை அழித்தேன் என்று சொல்லாது. ஆனாலும் அதில் ஒரு முடிச்சு அகப்பட்டது. சம்பவம் நடந்திருக்கக்கூடிய ஒரு விடியலில் எழுத்துருப் பகுதிக்கு ஒரே ஆளிடமிருந்து மூன்று கோப்புகள் வந்து வைக்கப்பட்டதாக இருந்தது. விண்டோஸ் 3.1இல் எழுத்துருக்களைத் திருத்துகிற ஒரு நிரல், அதன் கையேடு, மாதிரி எழுத்துகள். டைரக்டரியைப் பார்த்தால் மூன்றாவதாக வந்தது மட்டும்தான் இருந்தது. புத்தம் புதிதாக வந்த முதல் இரண்டும் வந்த சில வினாடிக்குள் மறைந்துவிட்டன. அந்த மூன்றுக்கும் தமிழோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

தமிழ்க் கோப்புகளுக்கென்று எங்களிடம் தனி டைரக்டரி இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். தமிழ் வாசிக்க எழுத்துரு வேண்டும். அதனால் எழுத்துருப் பகுதியில் எழுத்துருவையும், அதனால் வாசிக்கவேண்டிய கோப்புகளையும் சேர்த்தே வைத்திருந்தோம். ஆட்கள் இரண்டையும் ஒரேயடியாக இறக்கட்டும் என்று. வெளியிலிருந்து எழுத்துருக்கள் வந்து சேருகிற டைரக்டரியும் அதுவே.

அதே வாரத்தில் தமிழரல்லாத ஒருவர், எங்கள் வழக்கமான ஆட்களில் ஒருவர், தன் ஆசை எழுத்துரு ஒன்றைக் காணவில்லை என்று செய்தி போட்டார். அதன் பெயரும் ரியில் தொடங்கியது. அண்ணையின் குற்றப்பத்திரிகை அத்தோடு முடிந்தது. மச்சானுக்குத் தான் சந்தேகத்தில் இருந்தது கடைசிவரை தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்.

ரியில் தொடங்கும் எல்லாம் போயிருக்கிறது, வேறெதுவும் போகவில்லை. ரிக் கோப்பில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவேண்டும். ஆனால் நிரல் வேலை முடிந்ததும் ரிக்கை அழித்துவிடுமே. பாச் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன்: பிரிக்கும் நிரலை ஓட்டுமுன் வந்திருக்கிற எல்லா ரிக்கையும் வேறொரு டைரக்டரிக்குப் பிரதி எடு. பிறகு காத்திருப்புத்தான். அந்த எழுத்துரு நிரலின் அடுத்த பதிப்பு வரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த செமெஸ்ரர் தொடங்கி, நான் அதை அரைவாசி மறந்தும் போனேன்.

வந்தது. விடிய அண்ணை போன் எடுத்தார். “தம்பி, ரி எல்லாம் திரும்பப் போட்டுது” என்றார், மகிழ்ச்சியாக. கோப்புத் தொலைந்ததற்கு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கொலிஜுக்குப் போகாமல் அங்கே போனேன். மூன்று ரிக்கையும் திறந்தோம். பதிப்பு 44லிருந்து 45க்கு மாறியிருந்தது. மூன்றிலும் ரிப்ளேஸஸ் வரி ஒன்றே: ரி, ஒரு நட்சத்திரக் குறி, 44, புள்ளி, ஜிப். அனுப்பியவர் நினைத்ததைப் புரிந்துகொள்வது எளிது. நிரல், கையேடு, மாதிரி மூன்றின் பெயரும் ரியில் தொடங்கி 44இல் முடிகின்றன. நடுவில் எது இருந்தாலும் சரி, ரியில் தொடங்கி 44இல் முடிவதையெல்லாம் எடு. மூன்றுக்கும் ஒரே வரி போதும்.

“சரியாத்தானே எழுதியிருக்கிறார்?” என்றார் அண்ணை. “மாஸ்டரின்ர லிஸ்ற் 44இல முடியேல்லையே.”

நான் ஒரு வெற்று டைரக்டரி உண்டாக்கி, அதற்குள் ஐந்தாறு பொய்க் கோப்புகள் போட்டேன். சிலது ரியில் தொடங்கி 44இல் முடிவது, சிலது ரியில் தொடங்கி வேறெப்படியோ முடிவது, ஒன்று எம்மில் தொடங்குவது. பிறகு, ரி நட்சத்திரம் 44 ஜிப் என்று கொடுத்து அந்தப் பெயர்களைக் காட்டு என்று டொஸ்ஸிடம் கேட்டேன். எம் தவிர எல்லாவற்றையும் காட்டியது.

டொஸ் பெயரை எட்டுப் பெட்டியாகவும் பின்னொட்டை மூன்று பெட்டியாகவும் வைத்துக்கொள்ளும். நட்சத்திரத்தைக் கண்டதும், அந்த இடத்திலிருந்து எட்டாம் பெட்டிவரை மிச்சம் எல்லாவற்றையும் கேள்விக்குறியால் நிரப்பிவிடும். கேள்விக்குறி என்றால் எந்த எழுத்தும் வரலாம், எழுத்தே இல்லாமலும் இருக்கலாம். நட்சத்திரத்துக்குப் பிறகு புள்ளிவரை நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அதை அது பார்ப்பதே இல்லை. 44 என்று எழுதியதும் எழுதாததும் அதற்கு ஒன்று. ஆக, ரியில் தொடங்கும் எந்த ஜிப்பும். முதல் ரிக் வாசிக்கப்பட்டதும் மாஸ்டருடைய பட்டியலோடு எல்லா ரியும் போயின. முதல் கோப்பு வைக்கப்பட்டது. இரண்டாவது ரிக் அந்த முதல் கோப்பைத் தின்றது. மூன்றாவது ரிக் இரண்டாவதைத் தின்றது.

அண்ணை நாற்காலியில் சாய்ந்து, “இது ஒருத்தரும் செய்யேல்லை, நட்சத்திரம் செய்தது” என்றார். எங்கள் சனத்துக்குச் சொன்னால் நம்புவார்கள்தான், வேறு அர்த்தத்தில்.

அனுப்பியவருக்கு நெற்மெயில் எழுதினேன். அமெரிக்காவில் எங்கேயோ இருந்தார்; செய்தி இரண்டு மூன்று பிபிஎஸ் தாண்டிப் போய், மறுமொழி அதே வழியில் சில இரவுகளில் வந்தது. மரியாதையான மனிதர். ஆனால் தன்னிடம் அந்த வரி மிகச் சரியாக வேலை செய்கிறது, பலமுறை சோதித்ததுதான் என்றார். அதில் பொய் இல்லை. அவர் ஓட்டியது ஓஎஸ்/2. ஐபிஎம்மின் அந்த அமைப்பைப் பிபிஎஸ் நடத்துபவர்களில் பலர் அப்போது விரும்பிப் போட்டார்கள், ஒரே மெஷினில் இரண்டு லைனை விக்காமல் ஓட்டலாம் என்பதற்காக. ஓஎஸ்/2 நட்சத்திரத்துக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் மதிக்கும். ரி நட்சத்திரம் 44 என்றால் அங்கே 44இல் முடிவது மட்டும்தான். அவர் பக்கத்தில் மூன்று கோப்பு அழிகிற அதே வரி, எங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தையே அழித்தது. வழியில் இருந்த டொஸ் பிபிஎஸ்களிலும் இதே நடந்திருக்கும். அங்கே ரியில் தொடங்கும் கோப்புகளைத் தேடி ஒரு மாஸ்டர் வந்திருக்கமாட்டார்.

எனக்கு அப்போது உறைத்தது வேறொன்று. இதே ஃபிடோநெற்றில், இதே விடியற்காலையில், இதைவிடப் பெரிய மாற்றீடு ஒன்று வாராவாரம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நோட்லிஸ்ற் என்று உலகத்திலுள்ள எல்லா ஃபிடோநெற் பிபிஎஸ்களின் ரெலிபோன் எண்களும் அடங்கிய பட்டியல். ரொறன்ரோ அதில் 250ஆம் வலை. 1993 ஒக்ரோபரில் எங்கள் நகரத்தைச் சுற்றியுள்ள இடங்களுக்கு 416 போய் 905 என்று புதிய தொலைபேசிக் குறியீடு வந்தபோது எத்தனை வரி மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முழுப் பட்டியலையும் வாராவாரம் அனுப்பக் கட்டாது என்பதால், வெள்ளிக்கிழமை தோறும் மாற்றங்கள் மட்டும் ஒரு கோப்பாக வரும். அதற்குள் இருப்பது மூன்றே கட்டளை: இத்தனை வரி அப்படியே எடு, இத்தனை வரி அழி, இத்தனை வரி புதிதாகச் சேர். அழிக்கும் அதிகாரம் அதற்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பின் முதல் வரி, போன வாரப் பட்டியலின் முதல் வரியின் பிரதி. உன் கையில் இருப்பது இதுதானா என்று முதலில் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஒரு வரியையும் தொடாது. முடிந்தபின் புதிய பட்டியல் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு எண்ணைக் கூட்டிப் பார்க்கும்.

ரிக்கிலும் சரிபார்க்கும் எண் இருக்கிறது என்று சொன்னேனே. அது வருகிற கோப்புக்கு. போகிற கோப்புக்கு ஒரு சரிபார்ப்பும் இல்லை. வருபவனின் பாஸ்போர்ட்டை நுணுகி நுணுகிப் பார்த்துவிட்டு, வெளியேறுபவனை வெறும் முதல் எழுத்தைக் கேட்டு வெளியேற்றியிருக்கிறார்கள். ஒரு மனிதர் ஒரு மாலை உட்கார்ந்து எழுதியிருந்தால் அதைத் திருத்தியிருக்கலாம்: பழைய கோப்பையும் இதே ஆள்தான் அனுப்பினாரா என்று ஒரு கேள்வி போதும். மாஸ்டருடைய பட்டியலை அந்த அமெரிக்கர் அனுப்பியிருக்க முடியாது என்பது இயந்திரத்துக்கே தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் வைத்தியம் பார்க்கவேண்டியிருந்தது. நிரலில் ரிப்ளேஸஸை முழுக்க நிறுத்தலாம், நிறுத்திப் பார்த்தோம். டிஸ்க் நிரம்பி, அஞ்சல் மணியில் செய்திகள் வாங்க இடமில்லாமல் மெயிலர் திக்கிக்கொண்டு நின்றது. திரும்பவும் திறந்தோம். அண்ணை, தமிழ்க் கோப்புகள் எல்லாவற்றையும் ரீட்-ஒன்லி ஆக்கினார். ஒரே கட்டளையில் முடிகிற வேலை. அழிக்க வந்தால் டொஸ் மறுத்துவிடும். அதைச் சோதிக்க நாங்களே ஒரு பொய் ரிக் செய்து ஓட்டினோம். கோப்பை அழிக்க முடியவில்லை, உண்மை. ஆனால் நிரல் அதைக் கவனிக்காமல் பட்டியலிலிருந்து அதன் வரியை எடுத்துவிட்டது. கோப்பு டிஸ்க்கில் இருக்கிறது, பிபிஎஸ்ஸில் இல்லை. உள்ளே வரும் ஆளுக்கு இரண்டும் ஒன்றுதானே.

கடைசியில் செய்ததைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம் என்று யாரும் சொல்வார்கள்: தமிழுக்குத் தனி டைரக்டரி. வெளியிலிருந்து எந்த ரிக்கும் எட்டாத இடம். எழுத்துருவை ஒரு இடத்திலும் எழுத்தை இன்னொரு இடத்திலும் இறக்கவேண்டியிருக்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். மாஸ்டருக்கு அது பிடித்திருந்தது. “எங்களுக்கெண்டு ஒரு காணி” என்றார். அமெரிக்கரும் அடுத்த பதிப்பிலிருந்து நட்சத்திரத்தை விட்டு, மூன்று ரிக்கிலும் அதனதன் பழைய பெயரை முழுதாக எழுதினார். ஒரு சொல்லும் சேர்க்காமல், செய்து மட்டும் காட்டினார்.

ஆனால் அண்ணை ரீட்-ஒன்லியை எடுக்க உடன்படவில்லை. தனி டைரக்டரியில் இனி யாரும் அழிக்க வரமாட்டார்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. “இருக்கட்டும்” என்பார். அதன் பலன், மாஸ்டர் தன் பட்டியலைக் கூட்டி அனுப்பும்போது எங்களாலேயே பழையதை மாற்ற முடியவில்லை. டொஸ் எங்களுக்கும் மறுத்தது. நான் ஒவ்வொரு முறையும் பூட்டைக் கழற்றி, மாற்றி, திரும்பப் பூட்டப் பஞ்சியில், புதியதை வேறு பெயரில் போட்டுவிடுவேன். 1996இல் ஆட்கள் இன்ரர்நெற்றுக்குப் போய் அழைப்புகள் குறைந்து, அண்ணை லைனை வெட்டியபோது, வலிகாமத்து ஊர்ப் பெயர்கள் ஏழோ எட்டோ பதிப்பில் அந்த டைரக்டரியில் கிடந்தன. மாஸ்டருக்கு எல்லாவற்றையும் ஃபுளொப்பியில் போட்டுக் கொடுத்தேன். எது கடைசி என்று கேட்டார். தேதியைப் பாருங்கோ மாஸ்டர் என்றேன். பார்த்தால், இரண்டுக்கு ஒரே தேதி.